வலது தோளில் ஒரு கால்

அன்றைக்கு எங்கள் தையல் கடையில், கட்டிங் மேசைக்கும் மிஷினுக்கும் நடுவே விரித்த பாயில், என் தம்பி மகள் பெனிட்டா குப்புறப் படுத்திருந்தாள். அவளுடைய வலது தோளுக்கு நேர் மேலே எங்கள் தெருக் கோமதி மதினியின் வலது கால் அந்தரத்தில் நின்றது.

மதினி ஒரு கையால் மிஷின் பலகையைப் பிடித்திருந்தார். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தார். பாயைச் சுற்றிலும் பள்ளி யூனிஃபார்ம் துணியின் நீல வெட்டுத் துண்டுகள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனை.

"மதினி, பாத்து. மெல்ல."

"நான் என்ன ஃபுட்பாலா உதைக்கப் போறேன்? பெருவிரல் பட்டாப் போதும்."

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான் என் தம்பி சாமு. "எக்கா, நாம வேதக்காரங்க. இதையெல்லாம் பாஸ்டர் கேள்விப்பட்டா..."

"சுளுக்குக்கு வேதம் தெரியாது தம்பி. நீ செத்த நேரம் வாயை மூடிட்டு நில்லு" என்றார் மதினி. மூன்று முறை பெருவிரலால் தோளின் பின்பக்கத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். "போச்சா?"

"போயிருச்சு பெரியம்மா" என்றாள் பெனிட்டா, பாயில் முகத்தைப் புதைத்தபடி.

எழுந்தாள். கலைந்த பின்னலைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள். பாதி வழியில் "ஸ்ஸ்" என்று நிறுத்தினாள். போகவில்லை.

தேதி பற்றி ஒரு சொல்

கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கோமதி மதினி அப்படிப் பிறந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் யாருக்குக் கழுத்து பிடித்தாலும் மதினியின் கால்தான். இந்து, வேதக்காரர் என்ற கணக்கெல்லாம் அந்தக் காலுக்குக் கிடையாது. காசும் வாங்கமாட்டார். ஒரு டம்ளர் காப்பி மட்டும் வாங்கிக்கொள்வார், சீனி தூக்கலாக.

இது நடந்தது ஒரு ஆனி மாதச் சனிக்கிழமை. சரியான தேதி என் அளவு நோட்டில் இருக்கிறது. தேதிகள் அதிகமாகி கட்டுரை பஞ்சாங்கம் போல் ஆகிறது என்று, இதை எழுதக் கேட்ட பத்திரிகையில் சொல்லிவிட்டார்கள். ஆகவே மாதத்தோடும் கிழமையோடும் நிறுத்திக்கொள்கிறேன். ஐயமுள்ளவர்கள் கடைக்கு வந்தால் நோட்டைக் காட்டுவேன்.

அளவு நோட்டு என்றால் தையல்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். பேர், கழுத்து, மார்பு, இடுப்பு, கை. என்னுடையதில் இன்னும் கொஞ்சம் இருக்கும். தேதி, கிழமை, மழையா வெயிலா, எந்த விசேஷத்துக்குத் தைக்கிறார்கள், அளவு கொடுக்கும்போது என்ன சொன்னார்கள். பழக்கமாகிவிட்டது. நோட்டு தீர்ந்தால் முதுகில் காகிதம் ஒட்டி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று எழுதி, பீரோவின் மேல்தட்டில் அடுக்கிவிடுவேன்.

"இதையெல்லாம் யார் படிக்கப் போறா?" என்று சாமு பல வருடமாகக் கேலி செய்துகொண்டிருக்கிறான். இந்த ஆனி மாதத்துக்குப் பிறகு அந்தக் கேலி நின்றுவிட்டது.

கிணற்றில் கற்ற நீச்சல்

பெனிட்டா ஒன்பதாம் வகுப்பு. நீச்சல்காரி. அவளை நீச்சல்காரி ஆக்கியது சாமுதான்.

சாமு மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். தோட்டக் கிணறுகளில் மோட்டாரை ஏற்றி இறக்குவதும் அவன் வேலை. மம்சாபுரத்துப் பக்கம் அவனுக்கு வேண்டப்பட்டவரின் தோட்டம் ஒன்று உண்டு. வட்டக் கிணறு. சுவரை ஒட்டிக் கல் படிகள் சுற்றிச் சுற்றி இறங்கும். பெனிட்டாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே கூட்டிப் போவான். இடுப்பில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டிவிடுவான். தான் படியில் உட்கார்ந்துகொள்வான்.

நானும் இரண்டொரு முறை போயிருக்கிறேன். கிணற்றின் நடுவில் தண்ணீர் கருப்பாக இருக்கும். பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள். சுவரோரமாகவே, எப்போதும் ஒரே திசையில் சுற்றுவாள். மூச்செடுக்க முகம் திரும்புவது சுவர்ப் பக்கம், அதாவது இடப்பக்கம் மட்டும்தான். படி அங்கேதான் இருந்தது. அப்பாவும் அங்கேதான் இருந்தார்.

அப்போது எனக்கு இது ஒரு அழகான காட்சியாக மட்டும்தான் பட்டது. நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். "பெனிட்டா, கிணறு, கேன் இல்லாமல் மூன்று சுற்று. சாமு கண் கலங்கினான், தண்ணீர் தெறித்தது என்றான்."

பிறகு ராஜபாளையத்தில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்த்தார்கள். அதிகாலை பஸ், ஈரத் தலையோடு பள்ளிக்கூடம், பையில் எப்போதும் குளோரின் வாசனை. அவள் துணிக்கு அளவெடுக்கும்போது அந்த வாசனை என் டேப்பிலும் ஒட்டிக்கொள்ளும். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஒன்றிரண்டு மெடல் வாங்கினாள். சாமு அவற்றை வைண்டிங் கடையில் மாட்டி வைத்தான், செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில்.

இந்த வருடம் கோடைப் பயிற்சி முடியும்போதுதான் வலி வந்தது. அல்லது, அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சாமுவின் தீர்ப்பு

மதினியின் கால் பலிக்காத அன்று மத்தியானமே சாமு தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"போதும்க்கா. நீச்சலை விட்டுரட்டும்."

 பெனிட்டா மேசையில் கிடந்த தையல் சாக்பீஸை எடுத்து, ஒரு துண்டுத் துணியில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்கும்போது அவள் செய்கிற வேலை அது.

சாமுவைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். அவனுடைய இடது தோள் கெட்டுப்போய்ப் பல வருடமாகிறது. ஈர மோட்டாரைக் கயிற்றில் இழுத்து இழுத்து வந்த வலியை, நாளைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று விட்டுவிட்டான். இன்றைக்கு அந்தக் கை காதுக்கு மேல் போகாது. பனியன் போடும்போது ஒரு கோணல் நடனம் ஆடுவான். நாங்கள் சிரிப்போம். அவனும் சிரிப்பான்.

அன்றைக்குச் சிரிக்கவில்லை. "எனக்கு ஆனது எம்மகளுக்கு ஆக வேண்டாம். அம்புட்டுதான்."

"ஏலே, ஒரு தடவை டாக்டர்ட்டயாவது காட்டு. பொறவு நிறுத்து."

காட்டினான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, பிசியோதெரபிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ராஜபாளையத்தில் பத்மா என்ற பெண்ணிடம் போனோம். நானும் கூடவே போனேன். என் கையில் துணிப்பை. பையில் வழக்கம்போல நடப்பு அளவு நோட்டு.

"எப்ப இருந்து?"

பத்மாவுக்கு முப்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பேச்சின் நடுவில் ஒரு சொல் இரண்டு சொல் வந்து விழும்.

பெனிட்டாவைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். "ரெண்டு கையையும் மேல தூக்கு அம்மாயி. மெல்லகா, மெல்லகா. இப்ப அதே மாதிரி இறக்கு."

நாங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகின் இரண்டு பக்கமும் இருக்கிற அந்தத் தட்டை எலும்புக்கு எங்கள் வீட்டில் செட்டை என்று பெயர். கோழிக்கும் அதே பெயர்தான். நல்ல தமிழில் தோள்பட்டை எலும்பு என்று எழுதுகிறார்கள். ஆனால் தோள்பட்டை என்றதும் எல்லோரும் தோளின் மேல்பக்கத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள், முதுகை யாரும் நினைப்பதில்லை. எனக்குச் செட்டையே பிடித்திருக்கிறது. அது அசையும் என்பதை அந்தச் சொல் மறைப்பதில்லை.

இடது செட்டை தோலுக்குள் வழுக்கிக்கொண்டு மேலே போய், அதே வழியில் இறங்கியது. வலது செட்டை ஏறும்போது சரியாகத்தான் ஏறியது. இறங்கும்போது பாதியில் ஒரு குதி குதித்தது. அதன் உள் விளிம்பு முதுகைவிட்டு எழும்பி, கத்தி முனை போலத் தெரிந்தது.

பத்மா மொபைலில் அதைப் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு சாமுவிடம் காட்டினார். "பாத்தீங்களா அண்ணா? கை இந்த எலும்பு மேலதான் உக்காந்திருக்கு. இதைப் பிடிச்சு வைக்கிற சதை களைச்சுப் போச்சுன்னா, இது முன்பக்கமா சாயும். சாஞ்சா, தோளுக்குள்ள இடம் குறையும். அந்த இடத்துல ஓடுற நரம்பு மாதிரியான நார் ஒண்ணு ஒவ்வொரு கைவீச்சுக்கும் நசுங்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை வீசுறா, யோசிச்சுப் பாருங்க."

"அப்ப நான் சொன்னது சரிதான்" என்றான் சாமு. "நிறுத்திருவோம்."

பெனிட்டாவின் கை சாக்பீஸைத் தேடியது. அங்கே சாக்பீஸ் இல்லை.

"இருங்க. இது கிழிஞ்சு போன தோள் இல்ல, களைச்ச தோள்" என்றார் பத்மா. "வலது தோள் கொஞ்சம் இறங்கியும் இருக்கு. அது மட்டும் இருந்தா நான் கவலைப்படமாட்டேன். முக்கால்வாசிப் பேருக்குத் தோள் சமமா இருக்காது."

இதை நான் தலையாட்டி ஆமோதித்தேன். இத்தனை வருடத் தையலில் சமமான தோள் உள்ள ஒரே ஆளைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் கடை வாசலில் நிற்கிற பிளாஸ்டிக் பொம்மை. மற்றபடி, பிள்ளையை இடுப்பில் தூக்கியவர்களுக்கு ஒரு பக்கம், பையைத் தோளில் மாட்டுகிறவர்களுக்கு ஒரு பக்கம். எல்லோருக்கும் ஒரு சாய்வு உண்டு.

"எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்" என்றார் பத்மா. "இந்த இறக்கம் பிறவியிலேயே உள்ளதா, நடுவுல வந்ததா? நடுவுல வந்துச்சுன்னா, எப்ப இருந்து?"

சாமு என்னைப் பார்த்தான். நான் பெனிட்டாவைப் பார்த்தேன். பெனிட்டா தரையைப் பார்த்து, "தெரியலக்கா. போன மாசமா இருக்கும்" என்றாள்.

நான் பையைத் திறந்தேன்.  எனக்கு விடை தெரியும்.

நோட்டில் இருந்த கால்

இடுப்பில் ஒரு கயிறு கட்டி, தோள் நுனியிலிருந்து கயிறுவரை இரண்டு பக்கமும் டேப்பு பிடிப்பது என் வழக்கம். எந்தத் தோள் எவ்வளவு இறக்கம் என்று தெரிந்துவிடும். அதைச் சுருக்கமாகக் குறிப்பேன். இந்த வைகாசியில் யூனிஃபார்முக்கு அளவெடுத்த பக்கம் வந்தது.

சாமு எட்டிப் பார்த்து வாசித்தான். "பெனிட்டா. வ புள்ளி கால். எக்கா, தோள்ல வலின்னு வந்தா நீ வலது கால எழுதி வச்சிருக்க? கோமதி மதினி மிதிச்சதா?"

"கால் இஞ்சுலே! வலது தோள் கால் இஞ்சு இறக்கம்."

பத்மா சிரித்துவிட்டார். பெனிட்டாவும். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது.

அதே நோட்டின் முன் பக்கங்களில், போன கார்த்திகையில் கிறிஸ்துமஸ் உடுப்புக்கு எடுத்த அளவும் இருந்தது, காலில் பாதி இறக்கம். வ.அரைக்கால்.

"முதல்ல அரைக்கால், பொறவு கால். நாளைக்கு முழுக்காலா?" என்று முணுமுணுத்தான் சாமு. ஆனால் குரலில் கேலி குறைந்திருந்தது.

இன்னும் முன்னால் புரட்டினேன். போன வருட வைகாசி. "தோள் சமம்."



சொல்ல வேண்டியதை நானே சொன்னேன். தோள் இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் துணி தொய்ந்து, கழுத்தோரம் ஒரு சுருக்கம் விழும். நல்ல தையல்காரி அதை வெளியே தெரியவிடமாட்டாள். இறங்கிய பக்கத்தை இறக்கி வெட்டுவாள், அல்லது உள்ளே மெல்லிய கேன்வாஸ் வைத்து உயர்த்துவாள். யாருக்கும் சொல்லமாட்டாள். வயதுப் பிள்ளையிடம் உன் தோள் கோணல் என்று சொல்லுவது அழகா? நான் கிறிஸ்துமஸ் உடுப்பில் ஒரு மடிப்பு கேன்வாஸ் வைத்தேன். வைகாசி யூனிஃபார்மில் இரண்டு மடிப்பு வைத்தேன். அவளுடைய அம்மா, "நீங்க தச்சாத்தான் மதினி, கண்ணாடியில பாக்கவே அழகா இருக்கு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்ணாடி சொல்லியிருக்க வேண்டியதை நான் தைத்து மூடியிருக்கிறேன்.

"நீங்க மறைச்சீங்க. ஆனா எழுதியும் வச்சீங்களே" என்றார் பத்மா. அந்தப் பெண்ணுக்கு நான் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கடன்பட்டிருக்கிறேன். "சரி. போன வைகாசிக்கும் கார்த்திகைக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?"

நோட்டில் விரல் ஓட்டினேன். புரட்டாசியில், ஒரு வியாழக்கிழமை, அளவே இல்லாத ஒரு வரி இருந்தது. "பெனிட்டா பிறந்தநாள். உடுப்பு வேண்டாம், துடுப்பு போதும் என்றாள்."

அவள் கேட்ட துடுப்பு, உள்ளங்கையில் மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் தட்டு. அதை மாட்டி நீந்தினால் தண்ணீர் கனமாக இடிக்கும், கைக்கு பலம் வரும் என்று பெரிய பிள்ளைகள் போடுவார்கள். சாமுதான் வாங்கிக் கொடுத்தான்.

"அது இருக்கா? காட்டு" என்றார் பத்மா.

நீச்சல் பையிலிருந்து பெனிட்டா எடுத்தாள். மஞ்சள் நிறம். அவள் கையில் வைத்தால் விரல்களைத் தாண்டி நான்கு பக்கமும் வெளியே நின்றது. சின்னத் தாம்பாளம் போல.

"அண்ணா, இது பெரிய ஆம்பளைங்க சைஸ்."

சாமு தலையைச் சொறிந்தான். "தெரியும்மா. வளர்ற பிள்ளை. கொஞ்சம் பெருசா வாங்கினா ரெண்டு வருசத்துக்கு ஆகும்னு..."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் ஊர்களில் பிள்ளைகளுக்கு எதையும் அளவுக்கு வாங்குவதில்லை. செருப்பு, சட்டை, மழைக்கோட்டு, எல்லாம் அடுத்த வருடத்துப் பிள்ளைக்கு. "வளர்ற பிள்ளை, விட்டுத் தைங்கக்கா" என்று கேட்காத தாய் என் கடைக்கு வந்ததில்லை. நானும் பாவாடைக்கு அடியில் நான்கு விரல் மடித்துத் தைத்தே பழகியவள். அந்தப் பழக்கத்தை என் தம்பி தண்ணீருக்குள் கொண்டுபோய்விட்டான். அளவைவிடப் பெரிய சட்டையைப் போட்டால் பிள்ளை அசிங்கமாகத் தெரிவாள், அவ்வளவுதான். அளவைவிடப் பெரிய துடுப்பை ஒன்பது மாதம் அந்தச் சின்னச் செட்டை இழுத்திருக்கிறது.

"அப்ப நான்தான் செஞ்சேனா?" என்றான் சாமு மெல்ல.

"நீ பாதி, நான் பாதி" என்றேன்.

"துடுப்பு ஒண்ணு" என்றார் பத்மா. "இன்னொண்ணு இருக்கு. இவ ஒரே பக்கம்தான் மூச்செடுக்கிறா, இல்ல? இடது பக்கம். அந்த நேரமெல்லாம் வலது கைதான் முன்னால நின்னு தண்ணியைத் தாங்குது. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி எடுக்கப் பழகணும்."

ஆறு வாரம்

பத்மா போட்ட திட்டம் இது. துடுப்பு இனி வேண்டாம். நீச்சலை நிறுத்த வேண்டாம், தூரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். தினமும் செட்டையைப் பிடிக்கிற சதைக்குப் பயிற்சி. நீந்தி முடித்த மறுநாளும் வலி தங்கினால் உடனே சொல்ல வேண்டும்.

சாமு போட்ட திட்டம் வேறு. "ஆறு வாரம் பாப்பேன். ஆறாவது வாரக் கடைசியில வலின்னு ஒரு சொல்லு வந்துச்சு, நீச்சல் கிடையாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் பெனிட்டா.

பயிற்சி நடந்தது என் கடையில்தான். பள்ளி விட்டு வந்ததும் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றித் தள்ளுவாள். தள்ளி முடித்த பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ளி, முதுகை வட்டமாக்குவாள். அந்தக் கடைசித் தள்ளலில்தான் செட்டை முதுகோடு ஒட்டும். சுவரில் அவள் கை வைத்த இடத்தில் இரண்டு அழுக்குத் தடம் விழுந்துவிட்டது. வெள்ளையடிக்க எனக்கு மனமில்லை.

அக்குளில் துணிச் சுருளை இடுக்கிக்கொண்டு ரப்பர் பட்டையை இழுக்கிற பயிற்சியும் உண்டு. ரப்பர் பட்டைக்குப் பதில் நானே பட்டை எலாஸ்டிக்கை இரட்டையாக வைத்துத் தைத்துக் கொடுத்துப் பார்த்தேன். பத்மா அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பாவாடைக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆடிப்பூரத் தேரன்று ஊருக்குள் பஸ் வரவில்லை. குளத்துக்குப் போக முடியவில்லை. தெருவெல்லாம் கூட்டம், மேளம். பெனிட்டா சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கோமதி மதினி தேர் பார்த்துவிட்டு வேர்வையோடு உள்ளே வந்தார்.

"ஏட்டி, அங்க அம்புட்டு சனம் தேரை இழுக்கு. நீ ஒத்தையில எங்க சுவரைத் தள்ளிட்டு இருக்க?"

"உங்க கால் செய்யாத வேலையைச் சுவர் செய்யுது பெரியம்மா."

"திமிரைப் பாரு! என் கால் சுளுக்குக்குத்தான் கேரண்டி. செட்டைக்கு நான் எப்ப சொன்னேன்?" என்றார் மதினி, காப்பிக்குக் காத்திருந்தபடி.

அந்த ஆறு வாரத்துக்குள் நான் ஒரு வேலை செய்தேன். யூனிஃபார்மின் வலது தோளைப் பிரித்து, கேன்வாஸை உருவி எடுத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தைத்தேன். உடனே கழுத்தோரம் அந்தச் சுருக்கம் விழுந்தது. ஏன் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் கண்ணாடியில் பார்த்து, விரலால் சுருக்கத்தைத் தடவி, "அப்ப இது போச்சுன்னா நான் சரியாயிட்டேன்னு அர்த்தமா அத்தை?" என்றாள்.

"முழுசாப் போகாட்டியும் ஒண்ணுமில்ல. கூடாம இருந்தாப் போதும்."

சுவர்ப் பக்கம்

ஆறாவது வாரச் சனிக்கிழமை. ஆவணி பிறந்திருந்தது. காலை வெயில் இன்னும் குளத்தில் முழுதாக இறங்கவில்லை. குளத்தின் ஒரு பக்கம் நிழல் கூரையும் பெஞ்சும். சாமு வழக்கமாக உட்காரும் இடம் அது. எதிர்ப்பக்கம் வெறும் சுவர், விதிகள் எழுதிய ஒரு போர்டு, அவ்வளவுதான்.

நீச்சல் மாஸ்டர் சொன்னார், பதினாறு நீளம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மூச்சு. பத்மாவும் வந்திருந்தார்.

பெனிட்டா குதித்தாள். பெஞ்ச் அவளுக்கு இடப்பக்கம். இடது மூச்சு வந்தது. வலது மூச்சுக்கு முகம் பாதி திரும்பி நின்றது. தண்ணீர் குடித்தாள். மறுபடி இடது. மறுபடி இடது. வலது கை முன்னால் நின்று அழுத்துவதை நானே பார்த்தேன்.

"பழைய குணம்" என்றார் மாஸ்டர். "இந்த ஒரு மாசமா இப்படித்தான்."

"இப்படியே பதினாறு போனா சாயங்காலம் வலிக்கும்" என்றார் பத்மா.

 சாமு, ஓடாத மோட்டாரைக் காதுவைத்துக் கேட்கும்போது வரும் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மறுமுனையைத் தொட்டுத் திரும்பி வந்தாள். மூன்றாவது நீளம், நான்காவது நீளம். திடீரென்று எழுந்தான்.

"எக்கா, கவனிச்சியா? திரும்பி வரும்போது வலது பக்கம் நல்லாத்தான் மூச்செடுக்கா. போகும்போதுதான் எடுக்க மாட்டேங்கா."

"ஏன்?"

"திரும்பி வரும்போது அவ வலது பக்கம் நான் இருக்கேன். போகும்போது அந்தப் பக்கம் யாரு இருக்கா? கிணத்துல நடுப்பக்கம் மாதிரி."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். குளத்தின் முனையைச் சுற்றி, எதிர்ச் சுவரோரமாகப் போய், போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். வராத இடது கையை விட்டுவிட்டு வலது கையை ஆட்டினான். "ஏட்டி! இங்க பாரு! இங்க!"

ஐந்தாவது நீளத்தில் பெனிட்டாவின் முகம் வலப்பக்கம் முழுதாகத் திரும்பியது. வாய் திறந்து மூச்சு வாங்கியது. நீச்சல் கண்ணாடிக்குள் கண் விரிந்ததை நான் பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் பார்த்தேன்.

அவள் மறுமுனையில் திரும்பினாள். இப்போது வலப்பக்கம் பெஞ்ச் இருக்கும் பக்கம். சாமு அதை யோசித்திருக்கவில்லை. "அடடா" என்று முனையைச் சுற்றி ஓடிவந்தான். அவள் திரும்பினாள். அவனும் மறுபடி ஓடினான். ஈரத் தரையில் வழுக்கி, மாஸ்டர் பிடித்து நிறுத்தினார். "அண்ணே, இங்க ஓடக்கூடாது. போர்டுல எழுதியிருக்கு."

"நான் ஓடல தம்பி, வேகமா நடக்கேன்."

பன்னிரண்டு நீளம் இப்படிப் போனது. குளத்தைச் சுற்றி என் தம்பி, குளத்துக்குள் அவன் மகள். பத்மா படம் பிடிப்பதை நிறுத்திவிட்டுப் பெஞ்சில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

பெனிட்டா கரையேறியபோது சாமு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.  கையால் தோளைக் காட்டிக் கேட்டான்.

அவள் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். மெதுவாக இறக்கினாள். நான் முதுகுப் பக்கம் போய் நின்றேன். வலது செட்டை இறங்கும்போது ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. குதிக்கவில்லை.

"வலிக்கலப்பா. உங்களுக்கு?"

"எனக்கா?" மூச்சு வாங்கி, நிமிர்ந்து, மறுபடி குனிந்தான். "எனக்கு எல்லாம் வலிக்கு. நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ்சு?"

பெனிட்டா ஈரத்தோடு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு வந்த பள்ளிப் போட்டியில் அவள் நான்காவதாக வந்தாள். மெடல் இல்லை. வலியும் இல்லை. சாமு இன்னமும் காலையில் குளத்தைச் சுற்றுகிறான். இப்போதெல்லாம் அவள் யாரும் இல்லாத பக்கமும் மூச்செடுக்கிறாள். அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

கார்த்திகையில் கிறிஸ்துமஸ் துணிக்கு அளவெடுத்தேன். வெள்ளிக்கிழமை, தூறல். நோட்டில் இரண்டு வரி. முதல் வரி: "பெனிட்டா. வ.அரைக்கால். கேன்வாஸ் இல்லை."

ஆண்கள் துணி நான் தைப்பதில்லை, தம்பிக்கு மட்டும் உண்டு. இரண்டாவது வரி: "சாமு. இடுப்பு, போன வருடத்தைவிட ஒன்றரை இஞ்சு குறைவு. விட்டுத் தைக்கவா என்றேன். அளவுக்கே தை என்றான்."